சதுப்பு நிலம் வீண் நிலமா?

உலகில் பயனற்ற நிலம் என்று ஒன்று உண்டா? உழுது விதைத்தால் நெல் விளைய வேண்டும். இல்லையேல் மனை பிரித்து வீடு கட்ட வேண்டும். இவ்விரண்டுக்கும் உதவாத நிலத்தை வீண் நிலம் என்றே பலரும் எண்ணுகின்றனர். அவ்வாறு நெடுங்காலம் எண்ணப்பட்ட நிலம் ஒன்று நம் ஊருக்கு அருகிலேயே உள்ளது. அதுதான் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். பல்லாவரத்திலிருந்து துரைப்பாக்கம் செல்லும் இருநூறு அடிச் சாலையில் பேருந்தில் போகிறவர்களுள் சிலர் அவ்விடம் வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்தச் சேற்றை மூடிவிட்டால் என்ன?" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். மூடக் கூடாது என்பதே எங்கள் கருத்து. அந்நிலம் சும்மா கிடக்கும் நிலமன்று. இரவும் பகலும் ஓயாமல் உழைக்கும் நிலம். பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இதனை எங்கள் அறிவியல் பாடத்தின் துணைகொண்டே எடுத்துரைக்க விழைகிறோம்.

உயிரினங்கள் ஒன்றோடொன்றும், மண், நீர், காற்று, வெயில் ஆகியவற்றோடும் கொண்டுள்ள உறவை ஆராயும் அறிவியலே சூழலியல். 1866-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் ஹேக்கல் இத்துறைக்குப் பெயர் சூட்டியபோது, வீடு என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்தே அப்பெயரை அமைத்தார். 1935-ஆம் ஆண்டில் ஆங்கிலேய அறிஞர் ஆர்தர் டான்ஸ்லி, உயிருள்ளவற்றையும் உயிரற்றவற்றையும் பிரிக்காமல் சேர்த்துப் பார்த்து, அம்முழுமையைச் சூழ்நிலை மண்டலம் என்று வழங்கினார். இக்கருத்து தமிழருக்கு முற்றிலும் புதியதன்று. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலத்தைப் பகுத்த நம் முன்னோர், ஒவ்வொரு திணைக்கும் உரிய உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் ஆகியவற்றைக் கருப்பொருள் என்று ஒன்றாகவே தொகுத்து வைத்தனர். நிலத்தையும் அதில் வாழும் உயிரையும் பிரித்துப் பார்க்க இயலாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர் அல்லவா?

பள்ளிக்கரணையும் ஒரு சூழ்நிலை மண்டலமே. அங்குள்ள பாசியும், கோரையும், சம்பும், அல்லியும் உற்பத்தியாளர்கள். அவை யாரிடமும் கையேந்தாமல், வெயிலைக்கொண்டு தம் உணவைத் தாமே ஆக்கிக்கொள்கின்றன. பாசியைத் தின்னும் நத்தை, புழு, நீர்ப்பூச்சி, சிறு இறால் ஆகியவை முதல்நிலை நுகர்வோர். அவற்றைத் தின்பவை சிறு மீன்களும் தவளைகளும். சிறு மீனை விரால் விழுங்குகிறது. விராலைக் கூழைக்கடா தன் பைபோன்ற அலகில் அள்ளிக்கொள்கிறது. சேற்றுப் பூனைப்பருந்து மேலே வட்டமிட்டு, தவளையையும் சிறு பறவையையும் கவர்ந்து செல்கிறது. இவையனைத்தும் மடிந்தபின் அவற்றின் உடலைச் சிதைத்து மண்ணுக்கும் நீருக்கும் திருப்பித் தருபவை பாக்டீரியாவும் பூஞ்சையும் ஆகும். இவ்வாறு ஒன்றை ஒன்று தொடர்வதை உணவுச் சங்கிலி என்றும், பல சங்கிலிகள் பின்னிக் கிடப்பதை உணவு வலை என்றும் கூறுவர்.

இச்சங்கிலியில் ஓர் உயிரிடமிருந்து மற்றோர் உயிருக்குச் செல்வது எது? ஆற்றல். அந்த ஆற்றல் எங்கிருந்து வருகிறது? கதிரவனிடமிருந்து. தாவரங்களின்மீது விழும் வெயிலில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கையே அவை உணவாக மாற்றுகின்றன. பாசி சேமித்த ஆற்றல் முழுவதும் அதைத் தின்னும் நத்தைக்குப் போய்ச் சேர்வதில்லை. நத்தையிடம் உள்ளது முழுவதும் அதைத் தின்னும் பறவைக்கும் போவதில்லை. ஒவ்வொரு படியிலும் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கே அடுத்த படிக்கு ஏறுகிறது. இந்தப் பங்கு இடத்துக்கு இடம் சற்றுக் கூடும், குறையும். எனினும் பெரும்பகுதி வழியிலேயே செலவாகிவிடும் என்பது எங்கும் பொதுவான விதி.

இஃது எவ்வாறு எனச் சிலர் வியக்கலாம். நம் வீட்டிலேயே இதற்குச் சான்று உள்ளது. காலையில் நான்கு இட்லி தின்றுவிட்டுப் பள்ளிக்கு வருகிறோம். நடக்கிறோம், மாடிப்படி ஏறுகிறோம், பந்து விளையாடுகிறோம், பேசுகிறோம், சிரிக்கிறோம். ஒன்றும் செய்யாமல் உறங்கும்போதும் மூச்சு விடுகிறோம். உடல் சூடாகவே இருக்கிறது. இத்தனைக்கும் ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றல் வெப்பமாகி வெளியேறிவிடுகிறது. "என்ன தின்றாலும் இந்தப் பெண்ணுக்கு உடம்பில் ஒட்டவில்லையே!" என்று பாட்டிமார் அங்கலாய்ப்பதற்கு அறிவியல் தரும் விடை இதுவே. உடம்பில் ஒட்டியது மட்டுமே அடுத்த உயிருக்கு உணவாகும். ஒட்டாமற் போனது ஒருபோதும் சங்கிலிக்குத் திரும்பாது.

இந்தக் கணக்கை முதன்முதலில் தெளிவாக வகுத்தவர் ரேமண்ட் லிண்டெமன் என்னும் அமெரிக்க இளைஞர். அவர் ஆராய்ந்தது பெருங்கடலையன்று, பெருங்காட்டையுமன்று. மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள சிறியதொரு சேற்று ஏரியையே அவர் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அதில் எவ்வளவு பாசி, எவ்வளவு பூச்சி, எவ்வளவு மீன் என்று அளந்து கணக்கிட்டார். அவர் எழுதிய கட்டுரை முதலில் ஏற்கப்படாமல் திரும்பி வந்தது. பின்னர் 1942-ஆம் ஆண்டில் அது வெளிவந்தபோது அதைக் காண அவர் உயிருடன் இல்லை. நோயுற்றிருந்த அவர் அதே ஆண்டில், தம் இருபத்தேழாம் வயதில் காலமானார். இன்று உலகெங்கும் பள்ளிப் பிள்ளைகள் ஆற்றல் பிரமிடு வரைகிறார்கள் என்றால் அதற்கு அந்த இளைஞரும் அந்தச் சேற்று ஏரியுமே காரணம். சேறு உலகுக்குப் பாடம் கற்பித்தது என்றால் அது மிகையாகாது.

அந்தப் பிரமிடைப் பள்ளிக்கரணைக்குப் பொருத்திப் பார்ப்போம். பாசியில் 10,000 பங்கு ஆற்றல் இருப்பதாகக் கொள்வோம். நத்தைக்கும் பூச்சிக்கும் சேர்வது 1,000. சிறு மீனுக்கு 100. விராலுக்கு 10. விராலைத் தின்னும் கூழைக்கடாவுக்குச் சேர்வது வெறும் 1. அப்படியானால், உச்சியில் ஒரே ஒரு பறவை பறக்க வேண்டுமானால் அடியில் எவ்வளவு அகலமான பாசிப் பரப்பு வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். பூநாரைகள் நூற்றுக்கணக்கில் கூட்டமாக வந்து நிற்பதற்கும், பருந்து தனியாகவே பறப்பதற்கும் காரணமும் இதுவே. பூநாரை தலைகீழாக அலகை நீருள் விட்டுப் பாசியையும் சிற்றுயிர்களையும் வடிகட்டி உண்கிறது. அது பிரமிடின் கீழ்ப்படியிலேயே உண்பதால் பல பறவைகளுக்குப் பந்தி போட முடிகிறது. பருந்து மேற்படியில் உண்பதால் ஒன்றிரண்டுக்கு மட்டுமே இலை விரிகிறது.

ஆகவே, "சதுப்பு நிலத்தில் ஒரு மூலையைத்தானே மூடினோம், பறவைகள் மறுமூலைக்குப் போகட்டுமே" என்னும் வாதம் பொருந்தாது. அடித்தளம் குறைந்தால் உச்சி தானாகவே சரியும். பறவையை யாரும் அடிக்கவில்லை, கூட்டை யாரும் கலைக்கவில்லை. ஆயினும் பறவை இல்லாமற் போகும்.

இனி மற்றொரு விதியையும் கூற வேண்டும். ஆற்றல் ஒரு வழிப் பாதையில் செல்கிறது. பொருளோ சுற்றிச் சுற்றி வருகிறது. சமையலறையைப் பாருங்கள். அடுப்பில் எரிந்த விறகு திரும்பி வராது. ஆனால் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டால் மறுநாளும் உதவும். கதிரவனின் ஆற்றல் விறகைப் போன்றது. நாள்தோறும் புதிதாக வர வேண்டும். கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் முதலிய பொருள்கள் பாத்திரத்தைப் போன்றவை. இருப்பதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டும். அப்பாத்திரங்களைக் கழுவிக் கொடுக்கும் வேலையைச் செய்பவை சேற்றில் உள்ள கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களே.

அச்சிற்றுயிர்களால் சிதைக்க முடியாத பொருளைக் கொண்டுபோய்க் கொட்டினால் என்ன ஆகும்? பிளாஸ்டிக் பை அங்கேயே கிடக்கும். சிதையக்கூடிய பொருளாயினும், அளவுக்கு மிஞ்சிக் குவித்து மூடினால் என்ன ஆகும்? காற்றுப் புகாத இடத்தில் வேறு வகைப் பாக்டீரியாக்கள் வேலை செய்யும். சோற்றிலும் காய்கறித் தோலிலும் எஞ்சியிருந்த ஆற்றல் மீத்தேன் வாயுவாக மாறும். அது எளிதில் தீப்பற்றக்கூடியது. சதுப்பு நிலத்தின் ஒரு பகுதியில் பல பத்தாண்டுகளாகக் குவிந்த பெருங்குடிக் குப்பைமேட்டில் 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் தீப்பிடித்து, நாள்கணக்கில் புகைந்ததை நாமெல்லாரும் அறிவோம். நெற்கதிரிலும் கீரையிலும் என்றோ அடைபட்ட வெயில், யாருடைய பசியையும் ஆற்றாமல், நச்சுப் புகையோடு கலந்து வீடுகளுக்குள் புகுந்தது. குப்பையைக் கொட்டிவிட்டால் அது தொலைந்துவிட்டது என்று நினைப்பது எத்துணைப் பெரிய மயக்கம்!

சாக்கடை நீரின் கதையும் அத்தகையதே. அதிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஆகாயத்தாமரைக்கு உரமாகின்றன. தென் அமெரிக்காவிலிருந்து வந்த அச்செடி நீர்ப்பரப்பு முழுவதையும் பச்சைப் பாயாக மூடிவிடுகிறது. பார்ப்பதற்குக் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் பாய்க்கு அடியில் வெயில் புகாது. வெயில் புகாவிட்டால் நீருள் வாழும் பாசி மடியும். மடிந்தவை அழுகும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகும். பிறகு மீன்கள் செத்து மிதக்கும். பச்சையாகத் தெரிவதெல்லாம் நலமாக இருக்கிறது என்று கொள்ளலாகாது.

இன்னும் அஞ்சத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஆற்றல் படிக்குப் படி குறைகிறது என்று கண்டோம். சில நஞ்சுகளோ படிக்குப் படி பெருகுகின்றன. டி.டி.டி. போன்ற பூச்சிக்கொல்லி எளிதில் சிதைவதில்லை, கொழுப்பில் தங்கிவிடுகிறது. பாசியில் துளியாக இருந்தது, சிறு மீன் பலவற்றை உண்ட பெரிய மீனில் கூடுகிறது. பெரிய மீன் பலவற்றை உண்ட பறவையில் இன்னும் கூடுகிறது. 1962-ஆம் ஆண்டில் அமெரிக்க அம்மையார் ரேச்சல் கார்சன் பூச்சிக்கொல்லிகளின் தீமையைத் தம் நூலில் எடுத்துக்காட்டி உலகை எச்சரித்தார். நஞ்சு மிகுந்த பறவைகளின் முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும் தாயின் எடை தாங்காமலே உடைந்தது என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. மீன் உண்ணும் மனிதரும் அதே சங்கிலியின் மேற்படியில்தான் அமர்ந்திருக்கிறோம் என்பதை மறக்கலாமா?

"பள்ளிக்கரணை அங்கே இருக்கிறது, பல்லாவரத்துக்கு அதனோடு என்ன உறவு?" என்று சிலர் கேட்கக்கூடும். உறவு நீர்வழி உறவு. நம் பெரிய ஏரி நிரம்பினால் அதன் உபரிநீர் கீழ்க்கட்டளை ஏரிக்குச் செல்லும். அங்கிருந்து நாராயணபுரம் ஏரிக்கு. அங்கிருந்து சதுப்பு நிலத்துக்கு. சதுப்பு நிலத்திலிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளத்துக்கு அருகில் கடலில் கலக்கும். தென்சென்னைப் பகுதியில் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழைநீர் பல ஏரிகளின் வழியே இறுதியில் அந்தச் சதுப்பு நிலத்தைத்தான் தேடிப் போகிறது. ஆகவே பல்லாவரத்தில் வாய்க்காலில் விழும் ஒரு பை, மழைக்காலத்தில் பள்ளிக்கரணைக்குப் பயணம் போகும் வாய்ப்பு உண்டு. நம் பெரிய ஏரியோ நடுவே சாலையால் பிளக்கப்பட்டு, குப்பையாலும் கழிவுநீராலும் சுருங்கிப்போய்விட்டது. சங்கிலியின் முதற்கண்ணி நம் ஊரில் இருக்கிறது என்பதை ஊரார் உணர வேண்டும்.

இங்கே ஒரு கேள்வியை நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டும். "மனிதருக்கு வீடு வேண்டாமா? பறவைக்காக மனிதர் தெருவில் நிற்பதா?" என்று கேட்பவர் உண்டு. எங்கள் வகுப்புத் தோழியர் பலர் கீழ்க்கட்டளை, மடிப்பாக்கம், பள்ளிக்கரணைப் பகுதிகளிலிருந்துதான் வருகின்றனர். அவர்களுடைய பெற்றோர் ஆயுட்காலச் சேமிப்பைக் கொண்டு, வங்கியில் கடன் பெற்று, வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி அந்த வீடுகளைக் கட்டியவர்கள். அவர்கள்மீது பழி சுமத்துவது எங்கள் நோக்கமன்று. ஆனால் நீருக்கும் ஒரு வீடு வேண்டும் என்பதை யார் மறுக்க முடியும்? 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் பெய்த மழை தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானது. அந்நீர் தன் பழைய வீட்டைத் தேடிப் போனது. அங்கே மனிதரின் வீடுகள் இருந்தன. வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் படகுகளில் மக்களை மீட்க நேர்ந்தது. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் பள்ளிக்கரணைப் பகுதி மீண்டும் நீரில் மூழ்கியது. ஆகவே இது பறவைக்கும் மனிதனுக்கும் இடையே உள்ள வழக்கன்று. பறவைக்கு இடம் இருக்கும் நிலத்தில்தான் மழைநீருக்கும் இடம் இருக்கும். மழைநீருக்கு இடம் இருந்தால்தான் மனிதரின் வீட்டுக்குள் நீர் புகாது.

ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்ததாகக் கூறப்படும் அச்சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி கட்டடமும், சாலையும், குப்பைமேடுமாக மாறிவிட்டது. எனினும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. 2007-ஆம் ஆண்டில் அதன் ஒரு பகுதி, 317 ஹெக்டேர், காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டில் சுமார் 1,247 ஹெக்டேர் பரப்பு, ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது. குப்பைமேட்டைத் தோண்டிப் பிரித்து அகற்றும் பணியும் மேற்கொள்ளப்பட்டது. குளிர்காலத்தில் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் வடதிசையிலிருந்து நெடுந்தொலைவு பறந்து இன்றும் வருகின்றன. இங்குள்ள சேற்றில் தின்று சேர்த்த ஆற்றலைக்கொண்டே அவை வந்தவழியே திரும்பிப் பறக்கின்றன. பள்ளிக்கரணை வெயில் இமயத்துக்கு அப்பாலும் செல்கிறது என்பது பெருமைக்குரிய செய்தி அல்லவா?

புறம்போக்கு என்னும் சொல்லை இன்று வசைச்சொல்லாக வழங்குகிறோம். உண்மையில் அது வரி விதிக்கப்படாமல் ஊருக்குப் பொதுவாக விடப்பட்ட நிலத்தைக் குறித்த சொல். ஏரியும், வாய்க்காலும், மேய்ச்சல் தரையும் யாருக்கும் சொந்தமல்ல என்று பொருளன்று. எல்லாருக்கும் சொந்தம் என்று பொருள். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களும் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட தம் சுற்றுமடலில் இவ்வுலகை நம் பொது இல்லம் என்றே குறிப்பிட்டார்கள். அறிவியல் அறிஞர் வீடு என்று பெயரிட்டதும், சமயத் தலைவர் இல்லம் என்று அழைத்ததும் ஒன்றேயாகும்.

இறுதியாக, எங்கள் வேண்டுகோள்களைப் பணிவுடன் முன்வைக்கிறோம். அருட்சகோதரிகளே, நம் பள்ளித் தோட்டத்தின் ஓரத்தில் மதிய உணவு மிச்சத்திற்கென ஓர் எருக்குழி அமைத்துத் தாருங்கள். சோறும் தோலும் காற்றோட்டமாக மக்கினால் அந்தச் சத்து நம் செடிகளுக்கே திரும்பும். முறைவைத்துக் குழியைக் கிளறிவிடும் பொறுப்பை ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவியர் ஏற்போம். உலக ஈரநில நாளாகிய பிப்ரவரி 2 அன்று ஆண்டுதோறும் ஒரு வகுப்பினரைப் பள்ளிக்கரணைக்கு அழைத்துச் செல்லுங்கள். பிரமிடைப் பலகையில் பார்ப்பதைவிட நீரில் பார்ப்பது நெஞ்சில் நிற்கும். பெற்றோர்களே, மனை வாங்கும்போது பத்திரத்தைப் பார்ப்பதோடு நில்லாமல், "மழைக்காலத்தில் இங்கே தண்ணீர் எந்த வழியாகப் போகும்?" என்று அவ்வூர்ப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தோழியரே, தட்டில் அளவறிந்து சோறு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பிடி சோற்றுக்குப் பின்னே ஒரு பருவத்தின் வெயிலும், ஓர் உழவரின் உழைப்பும் இருக்கின்றன. வீணாக்கினால் அந்த வெயில் திரும்ப வாராது.

வெயிலைப் பிடித்து உணவாக்கும் நிலமே விளைநிலம் என்றால், பள்ளிக்கரணையும் விளைநிலமே. அங்கே விளைவது நெல்லன்று. மீனும், பறவையும், தூய நீரும், வெள்ளத்திலிருந்து நமக்குக் கிடைக்கும் காப்பும் ஆகும். அதை வீண் நிலம் என்று இனி எவரேனும் கூறினால், அன்போடு மறுத்துரைப்பது நம் கடமை.

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு